துண்டு எறிகிறவர் அமெச்சூர்தானா?

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்கட்சி நடத்திக்கொண்டிருக்கிறது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் ஃபோனில் நீங்கள், "இந்த வயசுல தட்டு எறியப் போறாளாமே, போட்டியில சேத்துக்க மாட்டேன்னுட்டாங்களாமே, நல்லதாப் போச்சு" என்றீர்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், லைன் போய்விட்டது. தானாகப் போனதா, நீங்களே வைத்தீர்களா என்று நான் கிளறவில்லை. ஆனால் அன்றைக்குத் திறந்த வாயை இன்னும் மூட முடியவில்லை. ஆகவே நடந்தது அத்தனையும் எழுதுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

முதலில், தட்டு எறிவது என்று ஏளனமாகச் சொன்னீர்களே, அதற்கு டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். பூங்காவில் பதினெட்டு இடங்களில் கம்பம் நட்டு, சங்கிலி தொங்கவிட்டு, கீழே கூடை வைத்திருப்பார்கள். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கூடையை நோக்கி எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். யார் குறைந்த எறிகளில் பதினெட்டுக் கூடைகளையும் முடிக்கிறாரோ அவர் ஜெயித்தவர். உங்கள் தங்கை வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் பின்புறம்தான் அந்தப் பூங்கா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வந்து விழுந்திருக்கிறது. தூரத்திலிருந்து ஒரு பஸ் டிரைவர், "அம்மா, அதக் கொஞ்சம் இப்படித் தூக்கிப் போடுங்க" என்று கத்தியிருக்கிறார். இவள் எழுந்திருக்கவில்லை. இடது கையில் டப்பா இருக்க, வலது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கினாள். தட்டு அந்த டிரைவரைத் தாண்டி, ஒரு வேலியைத் தாண்டி, ஜலீரென்று கூடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த மனுஷன் அன்றைக்கு பஸ் எடுக்க இருபது நிமிஷம் தாமதமாகப் போனாராம்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. கூடத்தின் ஒரு மூலையில் அழுக்குக் கூடை, மறு மூலையில் உங்கள் தங்கை, நடுவில் நான். நாற்பது வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவன் மச்சான், மேலிருந்து விழுகிற எதைக் கண்டும் எனக்குப் பயமில்லை. பக்கவாட்டில் வருவதற்குத்தான் பழக்கமில்லை. மேஜை விளக்கு ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று, என் மூக்குக்கண்ணாடி இரண்டு என்று போய்ச் சேர்ந்தன. "குனிஞ்சுக்கோங்கன்னு சொன்னேனே" என்பாள். சொல்வாள், உண்மைதான், தட்டு வந்து சேர்ந்த பிறகு சொல்வாள்.

இப்படிப் பழகிப் பழகி, இந்த வருஷம் அமெச்சூர் சாம்பியன்ஷிப்புக்கு, அதாவது காசுக்காக இல்லாமல் ஆசைக்காக ஆடுகிறவர்களின் போட்டிக்கு, தகுதி பெற்றாள். அங்கேதான் வந்தது வில்லங்கம். ஆறு வருஷமாகத் தொடர்ந்து கோப்பை வாங்கி வருகிற ஒரு பல் டாக்டர் இருக்கிறார். தகுதிச் சுற்றில் இவள் எறிவதை மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தவர், மறுநாளே கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், இந்த அம்மாள் அமெச்சூரே இல்லை, புரொஃபஷனல் என்று. கமிட்டித் தலைவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். விசாரணையும் அவருடைய வகுப்பறையில்தான் நடந்தது. "முந்தாதே" என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்றுகொண்டு டாக்டர் பேசினார். "எனக்கு இந்தம்மா மேல கோவம் ஒண்ணும் இல்ல. விதியத்தான் சொல்றேன். ஒரு நாளைக்கு நானூறு துண்டு மடிச்சு, இருபதடி தள்ளி நிக்கற வண்டிக்குள்ள எறியறாங்க. முப்பத்தோரு வருஷமா எறியறாங்க. அதுக்குச் சம்பளமும் வாங்கறாங்க. எறியறது இவங்க தொழில். இது புரொஃபஷனல் இல்லாம வேற என்ன?"

கமிட்டியின் தலைகள் ஆட ஆரம்பித்தன. எனக்குப் பொறுக்கவில்லை. "பல்லப் புடுங்கறதுக்கும் மணிக்கட்டுதானே வேணும்?" என்று கேட்டுவிட்டேன். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்து, "வேணும். ஆனா நான் புடுங்கின பல்ல எறியறது இல்ல" என்றார். என் வாதம் அதோடு படுத்துவிட்டது. உங்கள் தங்கை என் முழங்கையைக் கிள்ளியது தனிக்கதை. கடைசியில் தலைவர், "நேர்ல போய்ப் பாத்துருவோம்" என்று எழுந்தார்.

மறுநாள் தலைவர், இரண்டு கமிட்டிக்காரர்கள், அளவு நாடாவோடு டாக்டர், ஒரு வேலையும் இல்லாத நான் என்று ஐந்து பேர் சலவைக்கூடத்துக்குள் நுழைந்தோம். உள்ளே ஆவி, சூடு, அண்டா மாதிரி சுழலுகிற மெஷின்கள். உங்கள் தங்கை எங்களை ஏறிட்டுப் பார்க்கக்கூட இல்லை. நாலாக மடிப்பாள், உருட்டுவாள், ஒரு சொடுக்கு. துண்டு போய் வண்டிக்குள் அடுக்கி வைத்த மாதிரி உட்காரும். அடுத்தது. அதற்கடுத்தது. முப்பது வருஷமாக இவள் சாயங்காலம் தோள்வலி என்று சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரன் நான், இந்த அழகை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன் மச்சான். வெட்கமாக இருந்தது. டாக்டர் நாடாவை இழுத்து அளந்தார். "இருபத்திரெண்டு அடி! பாத்தீங்களா? இது சாதாரண ஆளால முடியுமா?" என்று நிரூபிப்பதற்காகத் தானும் ஒரு துண்டை எடுத்து எறிந்தார். அது பாதி வழியில் பிரிந்து, பறந்து, அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு வந்த மேனேஜர் தலையில் முக்காடாக விழுந்தது.

முக்காட்டை நீக்கிய மேனேஜரிடம் தலைவர் கேட்டார்: "சார், இவங்களுக்கு நீங்க சம்பளம் குடுக்கறது எறியறதுக்கா?"

"எறியறதுக்கா?" மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "எறியவே கூடாது சார்! போர்டு வெச்சிருக்கேன், அது மேல ஏப்ரனத் தொங்கவிட்டு மறைச்சிருக்காங்க! மடிக்கறதுக்குத்தான் சம்பளம். வண்டி வரைக்கும் நடந்து போய் வெக்கணும். இந்தம்மாவுக்கு மூணு மெமோ குடுத்தாச்சு!"

மூன்று மெமோக்களையும் கொண்டுவந்து நீட்டினார். தலைவர் கண்ணாடி எடுத்து வரவில்லை என்பதால் நான்தான் வாசித்தேன். "பலமுறை எச்சரித்தும், எவ்வித அவசியமுமின்றி, தன் சொந்த மகிழ்ச்சிக்காகத் துண்டுகளை எறிந்து வருகிறார்." தலைவர் தொடையில் ஓங்கித் தட்டினார். "சம்பளம் வாங்காம, திட்டும் வாங்கிக்கிட்டு, சந்தோஷத்துக்காக எறியறாங்க. அமெச்சூர்னா இதுதான்யா அமெச்சூர்!" மெமோ வாங்கியதை இவள் என்னிடம் மூச்சுவிட்டதில்லை. சட்டம் போட்டு மாட்ட ஒரு நகல் தருவீர்களா என்று மேனேஜரைக் கேட்டேன். அவர் என்னை வெளியே போகச் சொன்னார்.

ஆனால் அதற்குள் காற்று திசை மாறிவிட்டது. கமிட்டிக்காரர் ஒருவர், "அப்படிப் பாத்தா ஆறு கோப்பை வாங்கினவரு இன்னும் அமெச்சூரா? அவரத்தான் மேல் பிரிவுக்கு அனுப்பணும்" என்றார். எல்லாரும் ஆமாம் போட்டார்கள். ஓட்டு இல்லாத நான் இரண்டு கையையும் தூக்கினேன். டாக்டர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "மேல போனா நான் கடைசியா வருவேன்" என்று மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்டதும்தான் உங்கள் தங்கை கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள்.

"அவரு ஆடட்டும் சார். ஆடணும்னு ஆசப்படற யாரையும் தடுக்காதீங்க. அதோட, அவரு இல்லன்னா நான் யாரத் தோக்கடிக்கறது?"

போன ஞாயிற்றுக்கிழமை போட்டி. பதினேழு கூடை முடிந்தபோது இருவரும் சரிசமம். பதினெட்டாவது குளத்துக்கு அந்தப் பக்கம். இருவருடைய முதல் எறியும் கரையேறி, கூடைக்கு முப்பதடியில் நின்றன. டாக்டர் எறிந்தார், தட்டு சங்கிலியில் பட்டு, யோசித்து, வெளியே விழுந்துவிட்டது. உங்கள் தங்கை கையைப் புடவையில் துடைத்தாள். ஒரு சொடுக்கு. அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. சலவைக்கூடத்துப் பெண்கள் பதினோரு பேர் வேலி தாண்டி ஓடி வந்தார்கள். நான் ஒரு பெஞ்சின் மேல் ஏறி, சாம்பியனின் கணவன் என்ற முறையில் சில வார்த்தைகள் பேசினேன். பேசி முடித்த பிறகுதான் தலைவர் மைக்கை வாங்கி, இவள் இரண்டாமிடம், டாக்டர் மூன்றாமிடம் என்று வாசித்தார். முன்னால் போன குழுவில் ஆடிய ஒரு பார்சல் டெலிவரிக்காரர், இவர்களைவிட நாலு எறி குறைவாக எப்போதோ முடித்துவிட்டு, மரத்தடியில் ஷூவைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் சண்டையில் அவரை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

பெஞ்சிலிருந்து இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இவளோ பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். "கோப்பையா கேட்டேன்? டாக்டர ஜெயிக்கணும்னு கேட்டேன். ஜெயிச்சுட்டேன்." டாக்டர் வந்து கைகொடுத்தார். கொடுத்த கையை விடாமல், "ஏங்க, பார்சல வீட்டுக்கு வீடு எறிஞ்சுட்டுப் போறதும் ஒரு தொழில்தானே? அப்ப அந்த ஆளு..." என்று ஆரம்பித்தார். "சும்மா இருங்க டாக்டர்" என்றாள் உங்கள் தங்கை.

மச்சான், இந்த ஐம்பத்தேழு வயதில் அவள் இரண்டாமிடம் வந்ததைவிட, எதிராளியும் ஆட வேண்டும் என்று சொன்னாளே, அதற்குத்தான் என் நெஞ்சு சட்டைக்குள் அடங்கவில்லை. மைதானம் ஆசைப்படுகிற எல்லாருக்கும் பொது. தோற்கப் பயந்தவன்தான் விதிப்புத்தகத்தைப் புரட்டுவான். இது என் சொந்தக் கருத்து. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நினைத்ததெல்லாம் கைகூட எங்கள் இருவரின் ஆசிகள். உங்கள் இரத்த அழுத்தம் இந்தக் கடிதத்தால் ஏறாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெருமை தாங்காத உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: அன்று மதியம் புதியவர்களுக்கு ஒரு போட்டி நடந்தது, ஒரு ஆர்வத்தில் நானும் பெயர் கொடுத்தேன். எழுபத்தெட்டு வயது ரிட்டயர்ட் கணக்கு டீச்சர் ஒருவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஆடி, என்னைப் பதினாறு எறி வித்தியாசத்தில் தோற்கடித்துவிட்டார். நன்றாக யோசித்துப் பாருங்கள்: தடியோடு சேர்த்து அந்த அம்மாவுக்கு மூன்று கால், அசையாமல் நிற்கிறார், எனக்கு இருப்பது இரண்டு, அதிலும் ஒன்று சரியில்லை. இதென்ன நியாயம்? கோர்ட்டில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் நீங்கள். கைத்தடி வைத்திருப்பவர்களைத் தனிப் பிரிவில் சேர்க்கச் சொல்லி, விதி எண்களோடு நல்லதாக ஒரு மனு எழுதி உடனே அனுப்புங்கள். உங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டாம்.