மூலத்தில் கை வைக்காதே

வீட்டுப் புகைப்படங்களின் மூலத்தில் ஒரு புள்ளியைக்கூட யாரும் மாற்றக் கூடாது என்று வரைபடக்காரர் அறிவித்தபோது, அவர் மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மூலத்துக்குத் தங்கள் கடையில் நல்ல களிம்பு வந்திருப்பதாக நிமிராமலே சொன்னாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. அவருக்கு ஆவணக் கிடங்கில் பழைய வரைபடங்களைக் காக்கிற வேலை. யாராவது பேனாவோடு ஒரு வரைபடத்தை நெருங்கினால் போதும், அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

கணினியில் பதினோராயிரம் படங்கள் கிடந்தன. எங்கே எடுத்தது, யார் யார் நிற்கிறார்கள் என்ற விவரம் ஒன்றிலும் இல்லை. திடீரென்று அதற்கு அவசரம் வந்தது அக்காவால்.

வரைபடக்காரரின் அக்கா முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். 'ஹலோ' என்று ஒரு குரல் கேட்டால், பேசுவது யார் என்று சொல்லிவிடுவாள். ஒரு நாள் காலையில் மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. உயிர் தப்பியது, பெயர்கள் போய்விட்டன. கணவரும் 'அது', கரண்டியும் 'அது'. எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் முடிந்தது. படத்தோடு பெயரையும் சேர்த்துக் காட்டுங்கள், வாசிக்க வாசிக்கச் சொல் திரும்பி வரும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொல்லியிருந்தார்.

வரைபடக்காரர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். அவர் போட்ட ஏற்பாடு இதுதான்: படங்கள் ஒரு பக்கம், விவரமெல்லாம் தனிப் பட்டியலாக இன்னொரு பக்கம். முதல் படத்துக்கு முதல் வரி, ஆயிரமாவது படத்துக்கு ஆயிரமாவது வரி.

மனைவிக்கு இது சரிப்படவில்லை.

"மருந்துப் பேரை நாங்க பாட்டில்மேலதாங்க ஒட்டுவோம். பாட்டில் ஒரு அலமாரியில, பேரு இன்னொரு அலமாரியிலன்னு வெச்சா, இருமலுக்கு வந்தவர் பேதி மருந்தைக் குடிச்சுட்டுப் போவார். படத்துக்குள்ளயே எழுத இடம் இருக்காம். அதுல எழுதிடுங்களேன்."

"எழுதுற நேரத்துல கரண்ட் போனா படமே போச்சு. பேரு போனா கேட்டுக்கலாம். படம் போனா யார்கிட்ட கேக்குறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் "சரிங்க" என்றாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் 'சரிங்க' என்று சொன்ன எந்த விஷயமும் அதோடு முடிந்ததில்லை. அது அவருக்கு அன்றைக்கும் உறைக்கவில்லை.

நான்கு மாதம் சாயங்காலம்தோறும் உட்கார்ந்து தட்டினார். தட்டும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவது அவர் வழக்கம். கூடத்தில் அவள் தன் மடிக்கணினியில் ஏதோ செய்துகொண்டிருப்பாள். கடையின் சரக்கு விவரமாக இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார். அக்கா வீட்டுக்குக் கிளம்பும் நாள் காலையில், ஒரே படம் இரண்டு தடவை வந்திருந்த இடங்களைக் கண்டுபிடித்து, முப்பத்தொரு படங்களை அழித்தார். வீடு பெருக்கின திருப்தி அவருக்கு.

அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் அத்தான். வரைபடக்காரர் மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, பட்டியலையும் திறந்துவைத்தார். முதலில், புது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இளவயது அத்தான். கீழே பெரிய எழுத்தில் வந்தது: 'பழுதான தண்ணீர் மோட்டார், பின்பக்கம்.'

அக்கா எழுத்துக் கூட்டினாள். திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். "மோட்டார்" என்றாள்.

அத்தான் சிரித்தார். அடுத்து அம்மாவின் படம் வந்தது. கீழே 'ஒழுகும் குழாய், சமையலறை.' அக்கா எழுந்துபோய் அம்மாவின் முகத்தைத் தொட்டு, "குழாய்" என்றாள், மிகப் பிரியமாக. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

முப்பத்தொரு படங்கள் போன இடத்தில் மற்ற படங்களெல்லாம் முன்னால் நகர்ந்துவிட்டன. பட்டியலின் வரிகள் மட்டும் போட்ட இடத்திலேயே நின்றன. தப்பான பெயர்களை அக்கா ஒவ்வொன்றாக மனதில் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

மனைவி கைப்பையிலிருந்து விரலளவு சேமிப்பான் ஒன்றை எடுத்துச் செருகினாள். அதே அம்மா. கீழே, 'அம்மா. மாடிப்படியில். வயது நாற்பது.'

"பட்டியல் எங்க?" என்றார் அவர்.

"பட்டியலே இல்லைங்க. படத்துக்குள்ள இருக்கு. நீங்க சொல்லச் சொல்ல எழுதினேன். பயப்படாதீங்க, உங்க மூலத்தை நான் தொடவே இல்ல. பிரதி எடுத்து அதுலதான் எழுதினேன்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு படத்தின் கோப்புப் பெயரை மாற்றினார். வேறு இடத்துக்கு நகர்த்தினார். கம்பி போட்டுத் தன் கைபேசிக்குக் கொண்டுபோனார். போன இடத்துக்கெல்லாம் எழுத்தும் கூடவே போனது. வெறும் வெளிச்சமும் நிழலும் என்று அவர் நினைத்திருந்த ஒன்று, இத்தனை நாள் வயிற்றுக்குள் இவ்வளவு இடம் வைத்துக்கொண்டு வாய்மூடி இருந்திருக்கிறது. கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பிறகு தொலைபேசி நிலையப் படம் வந்தது. காதில் கருவி மாட்டிய ஏழு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இடமிருந்து வலமாக ஆறு பெயர்கள் இருந்தன. அக்கா விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். ஏழாவது இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்று இருந்தது. விரல் அங்கே நின்றது. உதடுகள் அசைந்தன. வெகுநேரம் கழித்து, "நாச்சியார்" என்றாள்.

அந்தப் பெயர் அவர் பட்டியலிலும் இல்லை, மனைவி எழுதியதிலும் இல்லை. எங்கிருந்து வந்தது? அத்தான் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி சத்தமில்லாமல் அந்தப் பெயரைப் படத்துக்குள் எழுதினாள்.

சற்று நேரத்தில் வரைபடக்காரருக்குத் தெம்பு திரும்பியது. என்ன இருந்தாலும் விவரமெல்லாம் சொன்னது தான்தானே என்று அத்தானிடம் ஆரம்பித்தார். தான் எடுத்ததிலேயே சிறந்தது என்று வருவோர் போவோரிடமெல்லாம் காட்டுகிற படத்தைத் தேடிப் போட்டார். மலை உச்சி, இடது ஓரத்தில் செக்கச்செவேலென்று சூரிய அஸ்தமனம். அக்காவை வாசிக்கச் சொன்னார்.

நான்கு மாதத்தில் முதல்முறையாக அக்கா ஒரு முழு வாக்கியத்தைத் தட்டுத்தடங்கலில்லாமல், கணீரென்று வாசித்தாள்:

"இது சூரியன் இல்லை, படம் எடுத்தவரின் கட்டைவிரல்."