உச்சிவெயிலில் நித்தியகல்யாணி

சொல்வதெல்லாம் சத்தியம். ஒரு எழுத்துப் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லும் இப்போதே உதிரட்டும். தாடிக்கொம்புப் பெருமாள் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அறுபத்தொன்றாம் வருஷம். அகரத்தில் எங்கள் கொல்லைக்குப் பின்னால் பஞ்சாயத்தார் சிறுவர் பூங்கா போட்டார்கள். ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்கு, கல் பாவிய நடைபாதை. பூச்செடி மட்டும் பாக்கி. கிணறு எங்கள் கொல்லையில். தலைவர் பெருமாள்சாமி என்னைப் பார்த்தார்.

எனக்கோ பதினோரு வருஷமாக இடுப்புப் பிடிப்பு. குடத்தைக் கண்டால் வரும். சாப்பாட்டு இலையைக் கண்டால் போய்விடும். வீட்டுக்கே என் மனைவி சுந்தரம்மாள்தான் தண்ணீர் இறைப்பாள்.

"தலைவரே, தண்ணியே கேக்காத தோட்டம் போட்டுத் தாரேன்" என்றேன். "வருஷம் பூராப் பூக்கும். நான் ஒரு குடம் ஊத்தி யாராச்சும் பாத்தா, என் மீசையைச் சிரைச்சிருங்க."

திண்டுக்கல் சந்தையில் எனக்கு வழிவிடுவார்களே, அது எனக்கல்ல, அந்த மீசைக்கு.

வேலியோரம் காகிதப்பூ. நடுவில் இட்லிப்பூ. அரளி என்றேன், பிள்ளைகள் வாயில் வைக்குமென்று சுந்தரம்மாள் தடுத்துவிட்டாள். முன்வரிசையில், பிள்ளைகள் முட்டங்கால் உயரத்துக்கு, வெள்ளையும் ரோஸுமாய் நித்தியகல்யாணி. ஆடு கடிக்காது, வெயிலுக்கு வாடாது.

அம்புட்டுச் செடிக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் பெரியவர்களை எரிப்போம், பச்சைப்பிள்ளைகளைப் புதைப்போம். அந்த மேட்டில் யாரும் ஊற்றாமலே நித்தியகல்யாணி காடாய்க் கிடக்கும். உச்சிவெயிலில் அங்கே காக்காய்கூடப் போகாது. நான் போனேன். நாற்பது செடியைக் கூடையில் வைத்துச் சாக்கு மூடிக் கொண்டுவந்தேன்.

"எங்கேயிருந்துங்க?"

"வேடசந்தூர்ச் சிநேகிதன் தோட்டம்."

சுந்தரம்மாள் ஒரு செடியைத் தூக்கி உதறினாள். வேர்மண்ணோடு ஏதோ விழுந்தது. கைக்குழந்தைக்குப் போடுகிற கறுப்பு வளையல்.

"சிநேகிதருக்குக் கைக்குழந்தை இருக்கா?" என்றாள்.

நட்ட மூன்றாம் நாள், உச்சிவேளை. பூங்காவில் ஆளில்லை. காகிதப்பூவில் ஒரு இதழ் அசையவில்லை. ஊஞ்சல் மட்டும் ஆடியது. முன்வரிசைச் செடிகளின் அடிமண் ஈரம். நடைபாதைக் கல்லில் ஈரப் பாதங்கள், என் கட்டைவிரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. செடிக்குச் செடி நின்று, எங்கள் கிணற்றுப் பக்கம் போயிருந்தன. உற்றுப் பார்த்தேன். அத்தனையும் இடது கால். வெயிலில் ஒவ்வொன்றாய்க் காய்ந்து மறைந்தன. அப்போதுதான் செடிகளுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வீட்டுக்கு ஓடியதில் செருப்பு ஒன்று பூங்காவிலேயே தங்கிவிட்டது. உண்மையை எல்லாம் கொட்டினேன்.

சுந்தரம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "தூங்குன பிள்ளைகளை எழுப்பிக் கூட்டியாந்துட்டீங்க. எந்திரிச்ச பிள்ளை முதல்ல என்ன கேக்கும்?"

"என்ன கேக்கும்?"

"தண்ணி. எழுப்புன ஆளுதான் தரணும். தினம் உச்சிவேளையில பன்னண்டு குடம். நாலு குடம் செடிக்கு. எட்டு நம்ம தொட்டிக்கு."

"தொட்டிக்கு எதுக்கு புள்ள?"

"பின்னே கிணத்துல எட்டிப் பாத்துக் குடிக்கச் சொல்றீகளா? ஏற்கெனவே ஒரு தடவை செத்த பிள்ளைக."

"யாராச்சும் பாத்தா மீசை போயிருமே."

"நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துக்கிறேன். அம்புட்டுத்தான் என்னால முடியும்."

வைகாசியில் தொடங்கினேன். ஆவணி வரைக்கும் நாள் தவறவில்லை. இடுப்பு ஒருநாள்கூட வலிக்கவில்லை. பயத்துக்கு அது பயந்துவிட்டது. தோட்டம் ஜொலித்தது. பிள்ளைகள் அப்பிக்கிடந்தன. "ஒரு சொட்டுத் தண்ணியில்லாம" என்று தலைவர் ஊரெல்லாம் சொன்னார். எங்கள் வீட்டுத் தொட்டியும் தளும்பித் தளும்பி நின்றது.

கோகுலாஷ்டமி வந்தது. வருஷா வருஷம் நான் எழுந்திரிக்கிறபோது வாசலிலிருந்து சாமி படம் வரைக்கும் கிருஷ்ணர் பாதம் தயாராயிருக்கும். எப்படி வருகிறதென்று பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் சீக்கிரம் விழித்தேன். சுந்தரம்மாள் கைகளை முட்டியாக மடக்கி மாக்கரைசலில் தோய்த்தாள். தரையில் பதித்தாள். மேலே விரலால் ஐந்து பொட்டு. ஒரு கைக்கு ஒரு கால், மறு கைக்கு மறு கால். என் கட்டைவிரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.

"அடியே" என்றேன். "கல்லுல பாதம் வச்சது நீயா?"

"ஆமாங்க."

"எல்லாம் ஒரே காலா இருந்துச்சே?"

"ஒரு கையில செம்பு இருந்துச்சே."

"வளையல்?"

"நம்ம மக கைக்குழந்தையில போட்டது. நீங்க கூடையோட கெளம்பினப்பவே எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். அகரத்துல நாப்பது நித்தியகல்யாணி வேற எங்க கெடக்கு?"

"ஊஞ்சல்?"

"கயித்தைக் கட்டி நம்ம கொல்லை வேலிக்குப் பின்னால நின்னு இழுத்தேன். பதினோரு வருஷம் கிணத்துல இழுத்த கை, ஊஞ்சல் எந்த மூலைக்கு?"

மீசையை முறுக்கினேன். நாளையிலிருந்து குடத்தைத் தொட்டால் நான் ஆம்பளையில்லை என்று அறிவித்தேன். "அந்தச் சிரிப்பையும் நல்லாத்தான் சிரிச்சே" என்றேன்.

அவள் கை மாவுக்குள் நின்றது. முகத்தில் சிரிப்பே இல்லை.

"என்ன சிரிப்பு? நான் சிரிக்கலையேங்க."

மறுநாள் உச்சிவெயிலில் பன்னிரண்டு குடம் இறைத்தேன். அதற்கப்புறம் தினம் பதினைந்து குடம். அவள் நிஜம்தான் சொன்னாளா என்று இன்றைக்கு வரை கேட்கவில்லை. கேட்டால் எந்தப் பதில் வந்தாலும் குடம் என் கையில்தான்.

பெருமாள்சாமியின் பேரன்மார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். என் மீசையும் இருக்கிறது. கதையைச் சொல்லுங்கள், சொன்ன ஆளை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.