ஊட்டுக்குப் போன சிறுத்தை

பெருமதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஏற்காட்டிலிருந்து ஒன்பதாம் வகுப்பு ஷிரின் பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நான் மட்டும் பயத்தில் இருக்கிறேன். தங்கள் தொலைக்காட்சியில் யாவரும் நலமா?

ஐயா, உங்கள் சிறுத்தை எங்கள் பூனை. பெயர் மிளகு. மஞ்சள் உடம்பில் மிளகைத் தூவியதுபோல் புள்ளிகள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பனிமூட்டத்தில் அது மதில்மேல் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் ரியாஸின் போனில் படம் எடுத்தேன். பின்னால் தூரத்தில் வாழவந்தி பஸ் வந்ததால், படத்தில் பஸ்ஸைவிடப் பூனை பெரிதாகிவிட்டது. அண்ணன் சும்மா இருக்காமல் 'எங்க ஏரியா சிறுத்தை' என்று ஸ்டேட்டஸ் வைத்தான். மறுநாள் உங்கள் நிருபர் அந்தப் போனில் கூப்பிட, அண்ணனின் கூட்டாளி யாரோ விளையாடுகிறார் என்று நினைத்துப் பேசிவிட்டேன்.

"சிறுத்தை இப்ப எங்கம்மா?"

"அது அப்பவே ஊட்டுக்குப் போயிருச்சுங்க."

"ஊட்டிக்கா?"

"ஆமாங்க, ஊட்டுக்குத்தானுங்க."

எங்கள் பக்கம் வீட்டை ஊடு என்போம் ஐயா. மாலையில் 'ஏற்காட்டுச் சிறுத்தை ஊட்டிக்குத் தப்பியது' என்று சிவப்பு எழுத்து ஓடியது. கோட்டுப் போட்ட ஒருவர், மேட்டுப்பாளையம் வழியாகத்தான் போயிருக்கும் என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டார். அந்நேரம் அது எங்கள் கொல்லையில் கருவாட்டுத் தலை தின்றுகொண்டிருந்தது. அதோடு விட்டாரா, அதன் ஜோடிச் சிறுத்தை இங்கேதான் திரியும் என்றும் சொல்லிவிட்டார். இப்போது எங்கள் கொல்லைக்குப் பின்னால் வனத்துறையார் வைத்த கூண்டு, கூண்டுக்குள் கோழி. கோழி என்றால் மிளகு யோசிக்கவே யோசிக்காது. அம்மா அதை வீட்டுக்குள் சேர்க்கவும் மாட்டார். மாட்டிக்கொண்டால் எந்தக் காட்டில் கொண்டுபோய் விடுவார்களோ. அத்தாவிடம் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொல்லிப் பார்த்தேன். மிளகை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "பூனைன்னா இனி யாரு நம்புவாங்க கண்ணு? டிவியில அம்பெல்லாம் போட்டுட்டாங்களே" என்றார்.

ஆகவே நாளைக் காலைச் செய்தியிலேயே அது பூனை என்று சொல்லிவிடக் கெஞ்சிக் கேட்கிறேன். அண்ணன் தூங்குகிறான், அவன் போனில்தான் இதைப் படம் பிடித்து அனுப்புகிறேன். பதில் போட வேண்டாம், சத்தம் கேட்டால் எழுந்துவிடுவான். நிலையத்தார் அனைவருக்கும், அம்பு போட்ட ஐயாவுக்கும் என் சலாம்.

இப்படிக்கு,
ஷிரின் (பெயரைச் சொல்ல வேண்டாம்)

பி.கு.: இப்போதுதான் அம்மா எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தார். "வா சாமி, வெளிய சிறுத்தை சுத்துதாம், ஊட்டுக்குள்ள வந்து படு" என்று மிளகைத் தூக்கிவந்து தன் போர்வைக்குள் விட்டுக்கொண்டார். எனவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். ஜோடிச் சிறுத்தை குளிர் போகும்வரை ஏற்காட்டிலேயே இருக்கட்டும் ஐயா.