போணிக்கு முன்னால் ஒரு ராஜினாமா

வேலையில் சேர எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித்தர ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. வேலையை விட எப்படிப் பேச வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் திண்டுக்கல் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையிலிருந்து நான் விடைபெற்றதை ராஜினாமா என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. தப்பி ஓடினேன் என்பதுதான் சரி.

பி.காம். முடித்த கையோடு அங்கே சேலைப் பிரிவில் சேர்ந்தேன். காலை ஒன்பதரை மணியிலிருந்து கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், வராவிட்டாலும் நிற்க வேண்டும். முதலாளி கீழே கல்லாவில் உட்கார்ந்துகொண்டு மூன்று மாடியையும் கேமராவில் பார்ப்பார். பக்கத்திலேயே மைக். செத்த நேரம் சாய்ந்தால் போதும், சுவரிலிருந்து குரல் வரும்.

"ஸ்டெல்லா, தூணு தானா நிக்கும் தாயி. நீ முட்டுக் குடுக்க வேணாம்."

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, அவரும் மாடிக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார். போட்டு, அதில் ஒரு பொம்மைக்குப் பட்டுச்சேலை கட்டி உட்கார வைத்தார். (அந்தப் பொம்மையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.)

விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். சேரும்போதே 'பத்திரமா இருக்கும்' என்று ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். என்னோடு வேலை பார்த்த பாத்திமா அக்கா ஒருமுறை போகிறேன் என்று சொல்லிவிட்டு, நாலு மாதம் 'நாளைக்கு வா' என்பதையே கேட்டு, அலுத்துப்போய் அங்கேயே இருந்துவிட்டார். கல்யாணத்துக்காக வேலையை விட்டு நிற்கிறவர்களுக்கு மட்டும் அன்றே கொடுப்பார். கல்யாணப் பெண்ணைத் தடுத்தால் பாவம் என்று அவருக்கு ஒரு பயம்.

நான் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பிரசங்கத்துக்கு எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வாரமே ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு விதைக் கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை ஒரிஜினலோடு வர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்றார்கள். சனிக்கிழமைவரை குளிக்கும்போது மனதுக்குள் முதலாளியிடம் பேசிப் பார்த்தேன். பஸ்ஸில் பேசிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அவரே ஜெயித்தார். கடைசியில், மனதில் இருந்ததையெல்லாம் இரண்டு பக்கத்துக்குக் கடிதமாக எழுதினேன்.

கவர் இல்லை. "கவருக்குப் போயி காசு செலவழிப்பியா? ஒங்க அண்ணன் கல்யாணக் கவரு ஒரு கட்டு கெடக்கு பாரு" என்றார் அம்மா. சந்தன நிறம், ஓரத்தில் தங்கக் கலரில் இரண்டு மோதிரம். பதற்றத்தில் எனக்கு அது ஒன்றும் தோன்றவில்லை. போதாததற்கு, நல்லபடியாக முடியட்டும் என்று என்னைப் பட்டுச்சேலை கட்டவைத்து, தலைநிறைய மல்லிகை வைத்து, மாதா கோயிலில் நிறுத்திவிட்டுத்தான் அனுப்பினார். யூனிபார்ம் சேலை பையில் இருந்தது.

சனிக்கிழமை காலை, கடை திறந்த நேரம். இரண்டு கையாலும் கவரை நீட்டினேன். முதலாளி கவரைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று நான் பார்த்ததே அன்றுதான்.

"அடடே! கல்யாணமா தாயி? சொல்லவே இல்ல!"

நான் வாயைத் திறப்பதற்குள் மைக்கை எடுத்துவிட்டார். "நம்ம ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம்! மாப்ள எந்தூரு?"

"ரெட்டியார்சத்திரம்" என்றேன். வேறு ஊர் எதுவும் ஞாபகம் வரவில்லை.

"சர்டிபிகேட்டு வேணும்ல? பீரோ சாவி வீட்டுல இருக்கு. வீட்டம்மாவ எடுத்துட்டு வரச் சொல்றேன்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். (அது மட்டும் தெரிந்தே செய்தது. பிறகு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.) கவரை அங்கேயே பிரிப்பாரோ என்று அவர் விரலையே பார்த்தேன். பிரிக்கவில்லை. போணிக்கு முன்னால் அவர் எந்தக் கவரையும் பிரிப்பதில்லை, முதல் வியாபாரத்துக்கு முன் கெட்ட சேதி கண்ணில் படக் கூடாதாம். கல்லாவுக்கு மேலே சாமி படத்தின் காலடியில் வைத்து, ஊதுபத்தியும் காட்டினார். அவரைத் திட்டி எழுதிய இரண்டு பக்கத்துக்கு அவரே ஊதுபத்தி காட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாடிக்கு ஓடிப்போய் பாத்திமா அக்காவிடம் சொன்னேன். "யா அல்லா! அப்ப சாவி வாரவரைக்கும் போணி ஆகக் கூடாதேடி!"

சொல்லி வாய் மூடவில்லை, ஆத்தூரிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் படியேறி வந்தார்கள். சுவர் பேசியது: "ஸ்டெல்லா, நீயே காட்டு. இன்னைக்குக் கல்யாணப் பொண்ணு கையால போணி!"

அடுக்கில் இருப்பதிலேயே மட்டமானதாகப் பார்த்து எடுத்துப் போட்டேன். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "சாயம் போகும்க்கா" என்றேன். அடுத்ததைக் காட்டி, "ஒங்க நெறத்துக்கு எடுக்காது." மூன்றாவதற்கு, "ரெண்டு தொவைக்கு மேல தாங்காது." பாத்திமா அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டார்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து பூரா நாலு கடை ஏறி எறங்கிட்டேன். உள்ளதச் சொன்ன புள்ள நீ ஒருத்திதான். அம்புட்டுச் சேலையும் ஒன்ட்டயே எடுத்துக்கிறேன், நீயே பாத்துக் குடு."

ஏழு சேலை. என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் விற்றதில்லை.

மூட்டையோடு கீழே இறங்கினேன். நல்ல வேளையாக முதலாளியின் வீட்டம்மாவும் வந்து, பீரோவைத் திறந்து என் ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தார். முதலாளி போணிப் பணத்தைக் கண்ணில் ஒற்றி, கவரை எடுத்து, கண்ணாடியை மாட்டினார். கல்யாணப் பத்திரிகையென்றால் நாலு பேர் கேட்க வாசிப்பது அவர் பழக்கம். மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"ஐயா..." என்று கணீரென்று ஆரம்பித்தார். "தங்கள் கடையில் நாற்காலியில் உட்காரும் உரிமை பொம்மைக்கு மட்டுமே இருப்பதாலும்..."

நிறுத்துவார் என்று நினைத்தேன். வாசித்த வேகத்தில் அவரால் நிறுத்த முடியவில்லை. "பொம்மைக்கு வலிக்காது, எங்களுக்கு வலிக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததாலும்..."

மூன்று மாடியும் கேட்டது, அவர் குரலிலேயே.

"அப்ப மாப்ள?" என்றார்.

"மாப்ள இல்ல மொதலாளி. வேற வேலை கெடச்சிருக்கு. உக்காந்து பாக்குற வேலை."

"ஃபைலக் குடுக்காத!" என்று வீட்டம்மாவைப் பார்த்துக் கத்தினார். அதற்குள் ஃபைலின் ஒரு முனை வீட்டம்மா கையிலும் மறுமுனை என் கையிலும் இருந்தது. அந்தம்மா என்னைப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். கை நழுவியதா, விட்டாரா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. விட்டார் என்றே வைத்திருக்கிறேன்.

ஓடினேன். "புடிங்கடி அவள!" என்று ஸ்பீக்கர் தெருவரைக்கும் அலறியது. பஸ் ஸ்டாண்டு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோது ஒருவரும் இல்லை.

அன்று மதியம் பாத்திமா அக்கா போன் செய்தார். "எப்புடிடி புடிக்க வருவோம்? அவரு வாசிச்சு முடிச்சதும் மேல ஒருத்தி சம்மணம் போட்டுத் தரையில உக்காந்துட்டா. அவளப் பாத்து இன்னொருத்தி. பத்து நிமிசத்துல கடையில நிக்கிற ஆளு மொதலாளி மட்டுந்தேன்." சிரிக்கத்தான் நினைத்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். மறுவாரம் அங்கே ஸ்டூல்கள் வந்தன.

இந்தக் கதை என்னைவிட வேகமாக ரெட்டியார்சத்திரம் போய்ச் சேர்ந்தது. இரண்டு வருடம் கழித்து எனக்கு உண்மையாகவே கல்யாணம் கூடிவந்தது. அம்மாவோடு போய் எங்கள் விதைக் கம்பெனி மேனேஜரிடம் கல்யாணக் கவரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மொதல்ல சொல்லும்மா. கல்யாணமா, இல்ல வேலைய விடுறியா?"

"கல்யாணம்தான் சார்."

"அதத்தானம்மா அங்கயும் சொன்ன?"

எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கு ஆள் கூடினாலும் அம்மா இதை நடித்துக் காட்டாமல் விடுவதில்லை. அன்று மாதா மேல் அம்மா சத்தியம் செய்த பிறகுதான் மேனேஜர் கையை நீட்டினார்.