மூன்று பேர் கேரவனில் பதினொரு பேர்

மே 14, காலை 10.20. வண்டியில் பதினொரு பேர். கிளம்பியபோது நாங்கள் மூன்று பேர்தான்.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூவரும் நலம். நீ, அத்தான், குட்டிகள் நலமா என்று முறைப்படி விசாரித்துவிட்டேன், விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டு கேட்டில் நம் கார் இடித்த நாளிலிருந்து, "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, இனிமே ஸ்டியரிங்கையே தொடக் கூடாது" என்கிறாய். கடலோர ஊர்களையும் பழைய மடாலயங்களையும் பார்க்கிற சாக்கில் பத்து நாள் அவரைக் கேரவன் ஓட்டவிட்டு, கார் சாவியை வாங்கிவிடலாமா என்று நான் இன்ஜினியராகப் பார்த்துச் சொல்ல வேண்டும், போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால் எழுது என்றாய். எழுதுகிறேன். வண்டி நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது. பின்னாலிருந்து யாராவது சுவரில் இரண்டு தட்டு தட்டினால்தான் அப்பா நகர்த்துவார்; முப்பத்தாறு வருஷம் கண்டக்டர் தட்டாமல் நகர்ந்ததில்லையாம். வழக்கமாகத் தட்டுவது அம்மா. இப்போது அம்மா கையில் யாருடைய குழந்தையோ இருக்கிறது. இதை முடிக்காமல் நான் தட்டப்போவதில்லை.

கோளாறு முதல் நாளே தெரிந்துவிட்டது. டவுன் பஸ் ஓட்டிய கால், பஸ் ஸ்டாப் பலகையைப் பார்த்தால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடுகிறது, வண்டி நின்றால் கை கதவைத் திறந்துவிடுகிறது, கதவு திறந்தால் ஜனங்கள் ஏறத்தானே செய்வார்கள், ஏறுகிறார்கள். "அப்பா, இது கேரவன், உள்ள கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, இது வீடு மாதிரி" என்றேன். "தெரியும்டா. கை காட்டறாங்க, நிறுத்தாம போகச் சொல்றியா?" கை காட்டாதவர்களுக்கும் நிறுத்துகிறாரே என்று கேட்டால், "காட்டறதுக்குள்ள நிறுத்திட்டேன்" என்கிறார். போதாததற்கு என்னைப் பார்த்து, "படியில நிக்காத தம்பி, உள்ள போ, உள்ள போ!" உள்ளே எங்கே போவது? என் படுக்கையில் ஒரு மீன் கூடை உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் கூடைக்காரம்மா, அவர் மடியில் என் லேப்டாப். அது சூடாக இருக்கிறதாம், முழங்கால் வலிக்கு இதமாக இருக்கிறதாம்.

முதல் மடாலயம் தொள்ளாயிரம் வருஷப் பழசு. அதன் வாசலில் அப்பா நிறுத்தி, "வண்டி ஏழு நிமிஷம் நிக்கும், டீ குடிக்கறவங்க குடிக்கலாம்" என்று அறிவித்தார். ஏழு நிமிஷத்தில் நான் பார்த்தது வாசல் கதவின் கீல் மட்டும். மூன்றாம் நாள் மாவு மூட்டையோடு ஒரு துறவி ஏறினார். "எங்க மடாலயத்துக்கிட்ட நிக்குமா?" என்றார். "ஸ்டாப்பிங் இருந்தா நிக்கும் சாமி. மூட்டையை வழியில வைக்காதீங்க." இருந்தது, நின்றது. அவர் நன்றிக்கு எங்களைச் சமையல்கட்டு வழியாகவே உள்ளே கூட்டிப்போனார். எல்லோரும் தூண்களை அண்ணாந்து பார்த்தார்கள். அப்பா மட்டும் ஒரு கல்படி முன்னால் குனிந்து நின்றார். நடுவில் கிண்ணம் மாதிரி தேய்ந்திருந்தது. அதில் தன் செருப்புக்காலை வைத்துப் பார்த்து, "எத்தனை பேரு ஏறி எறங்கியிருக்காங்க பாருடா. நம்ம பஸ் படியும் இப்படித்தான் தேஞ்சுது. ரெண்டு தடவை மாத்தினாங்க" என்றார். நான் கல்லின் ரகத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அம்மா என் காலை மிதித்தாள்.

அம்மாவிடம் நியாயம் கேட்டும் பார்த்தேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உதவிக்கு முகம் தெரியாத இரண்டு பேர். "விடுடா. நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள டூட்டிக்குப் போயிடுவாரு. உங்கப்பா வண்டி ஓட்டி நான் இப்பதான்டா பார்க்கறேன்" என்றாள்.

சரி, உணர்ச்சி வேறு, அறிக்கை வேறு. திட்டமிட்ட மடாலயம் ஏழு, ஒன்பது நாளில் பார்த்தது ஒன்றரை. ஆகவே என் முடிவு: சாவியை வாங்கிவிடலாம்.

அத்தானுக்கு வணக்கம், குட்டிகளுக்கு ஆளுக்கொரு முத்தம், உனக்கு மிச்சமிருக்கும் பொறுமை.

இப்படிக்கு,
நிற்க இடமில்லாத உன் தம்பி

பின்குறிப்பு: எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு அளவை விட்டுவிட்டேன். நின்ற ஒவ்வொரு இடத்திலும் இறங்கி டேப் வைத்துப் பார்த்தேன். நடைபாதைக்கும் வண்டிப் படிக்கும் இடைவெளி பத்தொன்பதிலிருந்து இருபத்தொரு சென்டிமீட்டர், முப்பத்தெட்டு தடவையும். இப்படி நிறுத்துகிற மனுஷன் அவ்வளவு அகலமான கேட்டில் இடிப்பாரா என்று உனக்குச் சந்தேகமே வரவில்லையா? எனக்கு வர அவசியமில்லை. அன்று ஓட்டியது நான். சத்தம் கேட்டு நீ ஓடிவருவதற்குள் அப்பா என்னை நகர்த்திவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டார். "உங்கக்கா என்னைத் திட்டினா ஒரு நாளோட முடிஞ்சிடும். உன்னைன்னா ஆயுசுக்கும் திட்டுவா" என்றார். நீ சாவியைக் கேட்பாய் என்று அவர் நினைக்கவில்லை. கேட்ட பிறகும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே இனி:

1. உன் கேட்டை நானே தட்டி நிமிர்த்தி பெயிண்ட் அடிப்பேன். நிறத்தை அத்தான் சொல்லட்டும்.
2. சாவி அப்பாவிடமே இருக்கும். வருஷா வருஷம் கண் டெஸ்டுக்கு நான் கூட்டிப்போகிறேன்.
3. திட்டுவதற்கு என் நம்பருக்கே போன் பண்ணு. ஆயுசு முழுக்க எடுப்பேன்.
4. அப்பா கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுந்து போய் சுவரில் இரண்டு தட்டு தட்டுவேன்.