புதன்கிழமை நாலு மணிப் பூந்தோட்டம்

"பூந்தோட்டத்துக்குப் புதன் நாலு மணிதான் வேணுமோ அங்கிள்? செவ்வாய் எண்டால் எந்த நேரமும் கிடக்கு."

"புதன்தான் பிள்ளை. நாலு மணிதான்."

"ஏன்?"

இதற்குச் சின்னராசாவுக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் முடியாது.

"வெயில் தாழ்ந்திருக்கும்," என்றார்.

முகவர் நிலையத்துப் பெண் தனுஷா திரையை அவர் பக்கம் திருப்பினாள். "அது கண்ணாடிக் கட்டடம் அங்கிள். உள்ளுக்க முழுக்க ஏசி. வெயில் படாது."

கிளிநொச்சியில், ஏ9 வீதியோரம், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தப் பயண முகவர் நிலையம். அவருடைய ஊரான மாங்குளத்திலும் டிக்கெட் போட ஓர் இடம் உண்டு. அங்கே போனால் எங்கே, எத்தனை மணிக்கு என்பதுவரை பின்னேரத்துக்குள் சந்தி முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் சின்னராசா மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி இங்கே வந்திருந்தார்.

மகள் நிரோஜாவுக்கு முப்பத்தொரு வயது. இதற்கு முன் பேசிய இரண்டு சம்பந்தங்களும் மொட்டைக் கடிதத்தால் குழம்பின. முதல் கடிதம் அவளுக்கு வலிப்பு என்றது. இரண்டாவது, அவளுக்கு யாரோடோ தொடுப்பு என்றது. இரண்டும் ஒரே கையெழுத்து. மூன்றாவது சம்பந்தத்தைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடுவதில்லை என்று வீட்டில் முடிவெடுத்தார்கள்.

மாப்பிள்ளை சுகிர்தன் சுவிஸில் இருந்தார். அகதியாகப் போனவர், ஊருக்கு வர முடியாது. சிங்கப்பூருக்கு வருவதாகச் சொன்னார்.

"இந்தப் பொம்பிளை பார்க்கிற சடங்கு எனக்குப் பிடிக்காது மாமா. நீங்கள் சும்மா சுத்திப் பார்க்க வந்தமாதிரி வாங்கோ. புதன் நாலு மணிக்குப் பூந்தோட்டத்துக்குள்ள தற்செயலாச் சந்திப்பம். பிள்ளைக்கும் கூச்சம் இருக்காது."

அவர் மாமா என்று கூப்பிட்டதிலேயே சின்னராசாவுக்குப் பாதிக் கலியாணம் முடிந்துவிட்டது. அடுத்த நாளே விமான டிக்கெட் எடுத்தார். ஊருக்கு, சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றார். ஊர் நம்பவில்லை. கண்டிக்கே போகாத மனிதர் பூப் பார்க்கச் சிங்கப்பூர் போவாரா? சிறுநீரகம் மாற்றப் போகிறார் என்று பேசிக்கொண்டது. இரண்டு பேர் வந்து பழம் கொடுத்துவிட்டும் போனார்கள்.

"ரெண்டு பாஸ் இருக்கு," என்றாள் தனுஷா. "ஒண்டு பஸ் பாஸ். ரெண்டு நாளைக்கு எங்கயும் ஏறலாம், எங்கயும் இறங்கலாம். மற்றது அஞ்சு இடப் பாஸ். உள்ளுக்க போய்ப் பார்க்கலாம். ஆனால் நாளும் நேரமும் இப்பவே போடவேணும்."

"பஸ் பூந்தோட்டத்தில நிக்குமோ?"

"நிக்கும்."

"அப்ப அதைப் போடுங்கோ."

"வாசலிலதான் நிக்கும் அங்கிள். உள்ளுக்க போக அந்தப் பாஸ் காணாது. வெளியில நிண்டு கண்ணாடியைப் பார்க்கலாம்."

மாப்பிள்ளை கண்ணாடிக்கு உள்ளே, மகள் வெளியே. சின்னராசா நினைத்துப் பார்த்தார்.

"பூந்தோட்டத்துக்கு மட்டும் தனி டிக்கெட் இல்லையோ?"

"அங்க போய் வரிசையில நிண்டு எடுக்கவேணும். நாலு மணிக்கே கிடைக்குமெண்டு சொல்லேலாது."

"அப்ப அஞ்சு இடப் பாஸ்."

"மற்ற நாலு இடத்தையும் சொல்லுங்கோ."

மற்ற நாலு இடத்தை அவர் யோசித்திருக்கவில்லை. அந்த நேரம் போன் அடித்தது. மனைவி அன்னபாக்கியம். அவருடைய போனில் எப்போதும் எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேச முடியும். அதை மாற்றும் வழி அவருக்குத் தெரியாது.

"இஞ்சேருங்கோ, கோயில் ஒண்டும் போடச் சொல்லுங்கோ."

"கோயிலுக்குப் பாஸ் தேவையில்லை அன்ரி," என்றாள் தனுஷா. "சும்மா போகலாம்."

"சும்மா விடுற இடமெண்டால் பாஸில போடாதேங்கோ. குடுக்கிற காசுக்குப் பெறுமதியா எடுங்கோ."

குருவிகள், குரங்குகள், மீன்கள், பெரிய இராட்டினம் என்று நாலும் நிரம்பின. தனுஷா விசைப்பலகையில் தட்டிவிட்டு நிறுத்தினாள்.

"ஒண்டு சொல்ல மறந்திட்டன். முதல் இடத்துக்குள்ள போனதில இருந்து இருபத்திநாலு மணித்தியாலத்துக்குள்ள அஞ்சையும் முடிக்கவேணும். அப்ப மற்ற நாலையும் புதன் காலமை போடுறன்."

"காலமை முழுக்கக் குரங்கும் குருவியும் பார்த்திட்டு நாலு மணிக்குப் பிள்ளை என்ன கோலத்தில நிப்பாள்?" என்றது போன். "கறுத்துப் போவாள். சேலை கசங்கிப் போகும்."

"நீ வை போனை."

தனுஷா நிரோஜாவைப் பார்த்தாள். "நாலு மணிக்கு அக்காவுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை," என்றார் சின்னராசா. "நாலு மணிக்கு அவளுக்குத் தலை சுத்து வரும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மொட்டைக் கடிதம் எழுதியவன்கூட நோய்க்கு நேரம் குறித்து எழுதவில்லை.

நிரோஜா சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பூந்தோட்டத்தை முதலாவதாப் போடுங்கோ பிள்ளை. மற்ற நாலும் வியாழன்."

"வியாழன் காலமை எட்டு மணிக்கு உங்களுக்குப் பிளேன் அங்கிள்."

"அப்ப மற்ற நாலும் வேண்டாம்."

"அஞ்சுக்குக் காசு குடுத்திட்டு ஒண்டுக்குப் போறியளோ?"

"ஓம்."

தனுஷா குருவியிலிருந்து இராட்டினம் வரை ஒவ்வொன்றாக அழித்தாள்.

"அப்பா," என்றாள் நிரோஜா. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் சொல் அது. "மீனை மட்டும் பார்ப்பம். புதன் காலமை. அதுவும் உள்ளுக்கதானே, வெயில் இல்லை."

"வந்த அலுவலைப் பார்ப்பம் பிள்ளை."



அன்று காலையில்தான் அவள் பால் சேகரிப்பு நிலையத்தில் வேலையை விட்டிருந்தாள். ஒரு வாரம் லீவு கேட்டாள். முகாமையாளர் காரணம் கேட்டார். காரணம் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. காரணம் இல்லாமல் லீவு இல்லை என்றார் முகாமையாளர். சின்னராசா சுவிஸுக்குப் போன் எடுத்து யோசனை கேட்டார்.

"எப்பிடியும் விடுற வேலைதானே மாமா. எழுதிக் குடுக்கச் சொல்லுங்கோ."

ஆறு வருடம் பாலின் கொழுப்பும் அடர்த்தியும் சோதித்தவள். தண்ணீர் கலந்த பாலை நிறத்திலேயே கண்டுபிடிப்பாள். பால்மானியைக் கழுவித் துடைத்து, அறைக்கதவின் திறப்போடு மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அவளுடைய இடத்துக்கு மத்தியானமே வேறொருத்தி வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்திருந்தது.

"சரி, பூந்தோட்டம் மட்டும்," என்றாள் தனுஷா. "புதன் நாலு மணி. அன்ரியும் சேர்த்து மூண்டு பேர். கடைசியா, அங்க நிக்கிற ஆராவது தெரிஞ்ச ஆளின்ர பேரும் போன் நம்பரும் வேணும். அவசரமெண்டால் கதைக்கிறதுக்கு."

"அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

"அது இல்லாமல் பாஸ் வராது அங்கிள்."

சின்னராசா மகளைப் பார்த்தார். மகள் நாட்காட்டியைப் பார்த்தாள். அவர் சட்டைப்பைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, பெயர் தெரியாதபடி மேல்பாதியைக் கையால் மூடிக்கொண்டு நீட்டினார்.

"சுவிஸ் நம்பர். புதன்கிழமை அங்க நிப்பார்."

"பேர்?"

"பேர் வேண்டாம். தூரத்துச் சொந்தம்."

தனுஷா எண்களை ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசி எண்ணை அடித்ததும் அவளுடைய கை நின்றது. திரையைப் பார்த்தாள். பிறகு நிரோஜாவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு திரையைச் சின்னராசாவின் பக்கம் திருப்பவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்த நம்பர் ஏற்கெனவே பதிஞ்சு கிடக்கு அங்கிள். அதே புதன், அதே பூந்தோட்டம், பத்து மணிக்கு விசுவமடுவில இருந்து ஒரு அக்கா, ஒரு மணிக்குப் பளையில இருந்து ஒரு அக்கா. நாலு மணிக்கு நீங்களும் எண்டால் மூண்டு வீட்டையும் ஒரே குறூப்பாப் போட்டால் மலிவு, போடட்டோ?"