பெரகல சந்தியில் நம் கட்சி கண்ட மூன்று தேர்தல்கள்

பெரகல,
14.3.1972

மதிப்புக்குரிய மச்சான் இருளப்பன் அவர்களுக்கு,

பெரகல சந்தி சலவைக்கடையிலிருந்து உங்கள் தங்கை புருஷன் தம்பையா வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே ஒரு வாரமாக வெயில் எட்டிப் பார்க்கவில்லை, துணி ஒன்றும் காயவில்லை, அதைத் தவிர இராக்கம்மா முதல் எல்லோரும் சௌக்கியம். கூடலூரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் இதே சௌக்கியத்தோடு, ஆனால் நல்ல வெயிலோடு இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அங்கே பஞ்சாயத்துத் தேர்தலில் உங்களுக்கு ஒரு வார்டு கொடுக்க யோசிக்கிறார்கள் என்றும், இலங்கையில் நீங்கள் தலைவராக இருந்த ‘ஊவா சலவையாளர் ஐக்கிய முன்னணி’யின் தேர்தல் வரலாற்றைக் கம்பீரமாக எழுதி, கட்சி முத்திரை குத்தி அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். முத்திரையை நீங்கள்தான் கப்பலேறும்போது டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டீர்கள், தேடிப் பாருங்கள். வரலாற்றை மட்டும் பொதுச் செயலாளர் என்ற முறையில் நான் உள்ளபடி எழுதுகிறேன், வேண்டாததை நீங்கள் வெட்டிக்கொள்ளுங்கள்.

கட்சி பிறந்தது 1965இல், சந்தித் தேநீர்க்கடையில். ஊருக்கெல்லாம் கிளாசும் நமக்கு மட்டும் ஆணியில் தொங்கிய தகரக் குவளையும் கொடுத்ததால் நீங்கள் அந்தக் குவளையை ரோட்டில் எறிந்து, “டோபின்னா நாக்கு வேறயாடா? இனி கிளாசுல குடுத்தாத்தான் குடிப்போம்” என்று சத்தம் போட்டீர்களே, அன்று சாயங்காலமே நம் ஆட்கள் நாற்பத்து மூன்று பேர் கூடினோம். கடைக்காரரும் மறுநாள் கிளாசில்தான் கொடுத்தார். நம் கிளாசின் அடியில் மட்டும் அடையாளத்துக்கு நூல் கட்டியிருந்தார். அந்த ஆத்திரத்தில் கிராம சபைத் தேர்தலில் நிற்பது என்று முடிவெடுத்து, வாக்காளர் இடாப்பைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, நாற்பத்து மூன்று பேரில் பிரஜாவுரிமையும் ஓட்டும் உள்ளவர்கள் நான், இராக்கம்மா, மாடசாமி ஆக மூன்றே பேர். தலைவராகிய உங்களுக்கே ஓட்டில்லை. நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பரவாயில்ல, மூணு ஓட்டாவது உறுதி” என்றீர்கள். அப்படித்தான் நான் முதல் வேட்பாளர் ஆனேன். குடைச் சின்னம்.

எண்ணிப் பார்த்தபோது குடைக்கு விழுந்தது இரண்டு. மூன்றில் ஒன்று எங்கே போனது என்று நான் மாடசாமி மேல் சந்தேகப்பட்டு, பத்து நாள் அவனோடு பேசாமல், ஒரே கல்லில் துவைக்க வேண்டியவர்கள் ஆளுக்கொரு கல்லில் துவைத்து, தோட்டத்துத் துணி பாதி அவனிடமும் பாதி என்னிடமும் சிக்கி, கிளாக்கர் ஐயாவுக்குக் காற்சட்டை கிடைத்துச் சட்டை கிடைக்காமல் போய், கடைசியில் ஒருநாள் சாப்பாடு போடும்போது இராக்கம்மாதான் வாயைத் திறந்தாள். “ஏங்க, நான் ஒங்க எதிராளிக்கு பெருக்கல் குறியாட்டம் நல்லா அழுத்தமா ஒரு புள்ளடி போட்டேனே, அந்தாளு எப்படிங்க ஜெயிச்சாரு?” என்றாள். “பிடிச்சவனுக்குத்தான்டி புள்ளடி போடணும்” என்றேன். “பள்ளிக்கூடத்துல தப்புக்குத்தானே அப்படிப் போடுவாங்க? ஒங்களுக்குப் போட எனக்கு மனசு வருமா?” என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். மறுநாளே மாடசாமியின் கல்லுக்குப் போய்ச் சேர்ந்து துவைத்தேன் மச்சான்.

இரண்டாவது 1970 பொதுத்தேர்தல். அதில் நாம் நிற்கவில்லை, ஆதரவு கொடுத்தோம். ஒருவருக்குக் கொடுத்திருந்தால் வம்பில்லை. துவைக்கிறவர்கள் பருமனான வேட்பாளர் பக்கமும், இஸ்திரி போடுகிறவர்கள் ஒல்லி வேட்பாளர் பக்கமும் போய்க் கட்சி இரண்டானது உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் இரண்டு வேட்பாளருடைய வெள்ளை உடுப்பும் நம் கடைக்குத்தானே வரும்? துவைக்கிற அணி போட்ட குறியை இஸ்திரி அணி பார்க்க மாட்டோம் என்று வீம்பு பிடித்ததால் பொட்டலம் மாறிவிட்டது. பருமனானவர் மேடையில் கையைத் தூக்கி “வெற்றி நமதே” என்றதும் கக்கத்தில் டர்ரென்று கிழிந்தது. ஒல்லியானவர் அதே நேரம் பண்டாரவளையில் கும்பிடு போட்டபோது கை சட்டைக்குள்ளேயே இருந்ததால், கும்பிடாத திமிர் பிடித்தவர் என்று பேர் வாங்கினார். அந்த வருஷக் கடைசியில்தான் உங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. நீங்கள் பண்டாரவளையில் ரயில் ஏறிய அன்று இரண்டு அணியும் வழியனுப்ப ஒரே பிளாட்பாரத்தில் நின்று அழுது, அழுத வேகத்தில் ஒன்றாகிவிட்டன.

மூன்றாவதுதான் நீங்கள் கம்பீரமாகச் சொல்லிக்கொள்ள வேண்டியது. போன கார்த்திகையில் கிராம சபைத் தேர்தல் வந்தது. அதற்கு முன்னால் சபை, ஓடையில் துணி வெளுக்கக் கூடாது என்று பலகை அடித்துவிட்டது. சந்தியில் குழாயும் கிடையாது. கொஸ்லந்தப் பக்கம் ஒன்றரை மைல் இறங்கித் தண்ணீர் தூக்கி வந்தோம். அப்போது மாடசாமியின் மகள் லெட்சுமி, நீங்கள் போகும்போது எட்டாம் வகுப்போடு நின்று நாலைந்து வருஷமாகக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தாளே, இப்போது அவளுக்கும் ஓட்டு வந்துவிட்டது, “நான் நிக்கிறேன் மாமா” என்றாள். நான் நம் ஆட்களைக் கூட்டலாம் என்றேன். “நம்ம ஓட்டு நாலு மாமா. நாலு ஓட்டுல ஜெயிக்க முடியுமா?” என்று கேட்டுவிட்டுக் கடைவீதியில் கதவு கதவாகப் போனாள். சிங்கள வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் பெண்களிடம் ஒன்றைத்தான் கேட்டாள்: “தண்ணி தூக்கி ஒங்களுக்கும் இடுப்பு வலிக்குதா?” லொறி முதலாளியைப் பதினொரு ஓட்டில் தோற்கடித்தாள்.

முதல் கூட்டத்துக்கு நானும் மாடசாமியும் போய் ஜன்னலோரம் நின்றோம். உறுப்பினர் ஆறு பேர், உட்காரக் கதிரை ஐந்து. சபை எழுதுவினைஞர் அவளிடம், “ஒங்களுக்கு வெளியில வாங்குப் பலகை போட்டிருக்கு, அங்க உக்காருங்க” என்றார். மாடசாமி, “வந்துரச் சொல்லு, நமக்கு இது வேணாம்” என்று என் கையைப் பிடித்தான். லெட்சுமி வெளியே வரவில்லை. பலீல் நானாவின் மளிகைக்கடையில் சாமான் மடிக்கச் சரை சுற்ற வந்த பழைய தாள்களுக்கு நடுவே சபை நடைமுறைப் புத்தகம் ஒன்று கிடைத்து, அதை வரிவரியாகப் படித்திருக்கிறாள். “எழுந்து நிக்கிற உறுப்பினருக்குத்தான் பேச உரிமைன்னு போட்டிருக்கு. எனக்குக் கதிரை இல்ல, நிக்கிறேன். அதனால பேசுறேன்” என்று தொடங்கி, சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி, குழாயைப் பற்றி ஒரு மணி நாற்பது நிமிஷம் நின்றபடி பேசினாள் மச்சான். மற்றவர்கள் வாயைத் திறந்தால், “நான் இன்னும் உக்காரலீங்களே!” கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய சபைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் எழுதுவினைஞரைத் திட்டித் தன் அறையிலிருந்த மெத்தைக் கதிரையைக் கொண்டுவரச் சொன்னார். “குழாய்த் தீர்மானம் நிறைவேறட்டும், உக்காருறேன்” என்றாள். நிறைவேறியது. உட்கார்ந்தாள். இருபது வருஷமாக அந்தக் கட்டடத்துக்குப் பின்வாசலில் துணி கொண்டுபோன மாடசாமி, அன்று முன்வாசல் வழியாக உள்ளே போய், மகள் பக்கத்தில் நின்றுவிட்டு, முன்வாசல் வழியாகவே வெளியே வந்தான்.

இதுவே நம் கட்சியின் மகத்தான வெற்றி வரலாறு. இதைக் காட்டி வார்டை வாங்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, அக்காவுக்கு இராக்கம்மாவின் விசாரிப்பு. நீங்கள் நூறு தேர்தல் காண வேண்டும்.

என்றும் உங்கள்,
பொ. தம்பையா
பொதுச் செயலாளர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் சமயம் லெட்சுமி வந்தாள், பெருமையோடு வாசித்துக் காட்டினேன். “மாமா, நான் சுயேச்சையாத்தானே நின்னேன்? தேர்தல்ல நிக்க நியமனப் பத்திரம் குடுக்குறதுக்கு மொத நாளே கட்சிய விட்டு வெலகிக் கடிதாசி குடுத்தேன். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க” என்றாள். அலமாரியில் தேடினேன், இருக்கிறது. கையெழுத்தும் என்னுடையதுதான்; கடையில் கூட்டமாக இருந்த அன்று துணிச்சீட்டு என்று நினைத்துப் போட்டிருக்கிறேன். “ஏம்மா இப்படிச் செஞ்ச?” என்றேன். “டோபிக் கட்சின்னு சொல்லியிருந்தா ஒரு வீட்டுக் கதவு தெறந்திருக்குமா மாமா?” என்றாள். ஆகவே இக்கடிதத்தை அங்கே யாரிடமும் காட்டிவிடாதீர்கள். இப்போதாவது கட்சியில் திரும்பச் சேரம்மா என்று கேட்டிருக்கிறேன். சந்திக் குழாயில் தண்ணீர் வருகிற நேரமாம், பிடித்துக்கொண்டு வந்து யோசித்துச் சொல்கிறேன் என்று குடத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.